ஆந்தை செதுக்கிய அக்கா

அக்காவின் ஓராண்டு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டபோது, குறைகளையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க மாமா. இல்லன்னா இது எங்கம்மாதான்னு யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அந்த அனுமதியோடு தொடங்குகிறேன்.

இதுவரை என் கைக்கு வந்த நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். யார் மனதையும் நோகடித்ததில்லை. அக்காவுக்குச் சிரித்த முகம் கிடையாது. மனம் நோகப் பேசுவதில் எங்கள் குடும்பத்தில் அவருக்கு ஈடு கொடுக்கக்கூடியவர் எங்கள் அண்ணி ஒருவர்தான். இந்தக் கட்டுரையில் அண்ணியும் வருவார். அவரை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது.

நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்கா மரத்தில் செதுக்கிக் கொடுத்த ஆந்தைதான் எங்கள் அம்மாவின் உயிரைக் கொண்டுபோனது என்ற பேச்சு நம் உறவினர்களிடையே பல வருடங்களாக உண்டு. இதை வாசிப்பவர்களில் அதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருக்கிறார்கள். அக்கா அதற்குக் கடைசிவரை ஒரு பதிலும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி ஒருமுறையாவது எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா பிறந்தது செர்டாங் பக்கத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். வீட்டில் மூத்தவர் அண்ணன், அடுத்தது அக்கா, கடைசி நான். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்த கையோடு அக்காவும் அம்மாவுடன் பால் வெட்டப் போனார். அண்ணனின் சம்பளத்திலும் இவர்கள் இருவரும் வெட்டிய பாலிலும்தான் நான் படித்தேன். அண்ணன் இதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அக்கா சொல்லிக்காட்டாத நாளே இல்லை.

மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் கோப்பைக்குப் போகாமல் மரமெல்லாம் வழிந்துவிடும். அந்த மாதங்களில் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அக்காவுக்குச் சும்மா இருக்கும் கை கிடையாது. தேய்ந்துபோன பால் வெட்டும் கத்தி ஒன்றை எடுத்து, விறகுக்கு வைத்திருந்த பால்மரக் கட்டையைக் கீறிக்கொண்டிருந்தார். முதலில் அகப்பைக்குப் பிடி செய்வதாகத்தான் சொன்னார். பிடியின் நுனியில் ஒரு மூக்கு வந்தது. பிறகு மண்டை, கழுத்து. முடிவில் அது மைனாவாகிவிட்டது, அகப்பை பிடி இல்லாமலேயே கிடந்தது. இதைத் தவிர அவர் செதுக்கத் தொடங்கியதற்கு வேறு பெரிய கதை எதுவும் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

அந்த முதல் மைனாக்கள் பலவும் உறவினர் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளில் போய் அமர்ந்தன. சில மாதங்களில் அவற்றின் காலடியில் வெள்ளை மாவு உதிரத் தொடங்கியது. பால்மரக் கட்டை வண்டுக்குச் சோறு மாதிரி. அத்தான், அதாவது அக்காவின் கணவர், "உன் மைனாவெல்லாம் பவுடர் பூசிக்குதுலா" என்று கேலி செய்தார். அக்கா அடுத்த கட்டைகளைக் கல்லைக் கட்டித் தோட்டத்து ஓடையில் மாதக்கணக்கில் ஊறப் போட்டார். எடுத்துக் காயவைத்தபோது லயமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு செய்த பறவைகளை வண்டு தொடவில்லை. ஓடையில் ஊறினால் வண்டு வராது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருமுறை கேட்டேன். "தெரியாதுலா. கோவத்துல தூக்கிப் போட்டேன்" என்றார்.

அவர் செய்த பறவைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இறகுக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். இடது சிறகிலும் சரி, வலது சிறகிலும் சரி, கோடு இடது மேலிருந்து வலது கீழாகத்தான் இறங்கும். பால்மரத்தில் அப்படித்தான் வெட்டு போடுவார்கள். விடியற்காலையில் எழுந்து மரத்துக்கு மரம் அதே வெட்டைப் போட்ட கை, பறவைக்கும் அதையே போட்டது. ஒரு கல்லூரி விரிவுரையாளர் இதைப் பார்த்துவிட்டு விசாரித்தபோது, தன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த கொக்குக்கு மறுபக்கச் சிறகை நேராகச் செய்கிறேன் என்று முயன்று, விரலை வெட்டிக்கொண்டார். அதோடு அந்த முயற்சி நின்றது.

பறவைகள் மட்டும் இல்லை, ஆட்களையும் செய்தார். தோளில் காண்டாக் கம்பு வைத்து வாளி தூக்கிப் போகும் பெண், தொப்பி போட்டு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், வெற்றிலை போட்டுக் கன்னம் உப்பிய கிழவர். யார் யார் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மண்டோர் தன் பொம்மையைப் பார்த்துவிட்டு வயிறு இவ்வளவு பெரிதா என்று கோபித்துக்கொண்டார். "கட்டை அம்மாட்டு இருந்துச்சி மண்டோரே" என்றார் அக்கா.

பிறகு பால்மரங்கள் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தது. அத்தான் குலை வெட்டினார், அக்கா மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கினார். செம்பனையோடு எலியும் வந்தது. எலிக்கு விஷம் வைத்துப் பார்த்து முடியாமல், தோட்ட நிர்வாகம் ஆந்தைகளைக் கொண்டுவந்தது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே கம்பம் நட்டு, அதன் மேல் பலகைப் பெட்டி வைத்து, ஆந்தைகளைக் குடியேற்றினார்கள். தோட்டத்தில் பெரிய கலவரமே வந்தது. நம்மவர்களுக்கு ஆந்தை அலறினால் சாவு. மலாய்க்காரர்களும் அதைப் பூரோங் ஹந்து, பேய்ப் பறவை, என்றுதான் சொல்வார்கள். பெட்டி இருக்கும் வரிசையில் வேலை செய்ய மாட்டோம் என்று பெண்கள் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் நின்றே சொல்லிவிட்டார்கள். கடைசியில் முனீஸ்வரருக்குச் சேவல் அறுத்து ஆந்தைக்கும் ஆட்களுக்கும் சமரசம் செய்துவைக்கப்பட்டது.

பெட்டிக்குக் கீழே ஆந்தை கக்கிப் போடும் எலும்பு உருண்டைகளைப் பார்த்து, எந்தப் பெட்டியில் ஆந்தை தங்கியிருக்கிறது என்று மண்டோரிடம் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. யாரும் முன்வரவில்லை. அக்கா போனார். தைரியம் என்று நினைக்க வேண்டாம். சமரசத்துக்குப் பிறகும் அந்த வரிசைக்கு மற்றவர்கள் வராததால் பழம் நிறையக் கிடந்தது.

அப்படிப் போய்வந்து ஆந்தையோடு அவருக்குப் பழக்கமாகிவிட்டது. கம்பத்தைத் தட்டினால் பெட்டி வாசலில் வெள்ளை முகம் ஒன்று எட்டிப் பார்க்கும். குறுக்கே அறுத்த கொய்யாப் பழம் போல இருக்கும் அந்த முகத்தை நானும் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். "எங்க மாமியாரு மாதிரியே பாக்குது, ஆனா இது ஒன்னும் சொல்ல மாட்டேங்குது. நல்ல ஜீவன்" என்பார் அக்கா. அவர் கணக்கில் ஆந்தை சாவுப் பறவை இல்லை. தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த இன்னோர் ஆள். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறது, எலியைப் பிடிக்கிறது, பெரட்டுக்கு வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆந்தை செதுக்க அவருக்கு ரொம்ப நாள் பிடித்தது. பால்மரக் கட்டையின் வெளிறிய நிறம் அந்த முகத்துக்குத் தோதாக அமைந்தது. சாயமே பூசவில்லை. தலையைச் சற்றே திருப்பி, யாரோ கூப்பிட்டதைக் கேட்டதுபோல நிற்கும். அவர் செய்தவற்றில் அதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அதை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். எங்களை வளர்த்தவர் அண்ணன். கையில் இருப்பதில் நல்லதை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். அக்காவின் தவறு இவ்வளவுதான்.

அண்ணன் அப்போது சுங்கை பட்டாணியில் தாமான் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியிருந்தார். பால் காய்ச்சும் நாளன்று அக்கா ஒரு துவாலையில் சுற்றிய பொருளோடு வந்தார். குத்துவிளக்கோ சாமி சிலையோ என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா துவாலையை அவிழ்த்து அதைப் பூசைப் பொருட்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ஐயர் நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"என்னா இது?" என்றார் அண்ணி.

"ஆந்தை, அண்ணி. பின்னால பெரிய கால்வா இருக்கில்ல, எலி வரும். இது பாத்துக்கும்."

"பாத்துக்குமா? எதப் பாத்துக்கும்? நல்ல நாளும் அதுவுமா பொணப் பறவையக் கொண்டாந்து வெக்கிறியே, உனக்குப் புத்தி இருக்கா?"

"உங்க வீட்டு எலிக்குப் பயந்துதான் கொண்டாந்தேன். வேணாம்னா சொல்லுங்க, நா எடுத்துட்டுப் போறேன்."

அண்ணன் பாத்திரத்தில் பால் பொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "வெள்ளையா பாக்க நல்லாத்தான் இருக்கு. உள்ள வேணாம், வெளியில இருக்கட்டும்." அப்படியே ஆயிற்று. ஆந்தை கார் நிறுத்தும் இடத்தில் செருப்பு அலமாரியின் மேல் தெருவைப் பார்த்து நின்றது.

அம்மா அண்ணன் வீட்டில் தங்கிவிட்டார். காலையில் குளித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து தலை உலர்த்துவார். ஈரத் துணியை ஆந்தையின் தலையில் போட்டுவைப்பார். நான் போகும்போதெல்லாம் அது முக்காடு போட்டபடிதான் நிற்கும். அம்மாவுக்கு அது ஆந்தையாகவே படவில்லை என்று நினைக்கிறேன். துணி போட ஒரு கொம்பு, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நெடுநாளாக இரத்தக் கொதிப்பு இருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார். அந்த வருடத் தீபாவளிக்கு முன் ஒரு காலை, எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனையில் சில நாள் இருந்தார், பிறகு வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். மருத்துவர் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். அதை அப்போது கேட்க யாருக்கும் காது இல்லை.

பால் தெளித்துவிட்டு வந்த அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அழுதுகொண்டிருந்த அண்ணி சட்டென்று சொல்லிவிட்டார். "பொணப் பறவைய வாசல்ல கொண்டாந்து வெச்சா. அது அத்தையத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சி." அக்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டது. கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், செருப்பு அலமாரி மேலிருந்த ஆந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், தெருவில் இறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலரும் அன்று அங்கே இருந்தீர்கள். கூப்பிட யாரும் எழவில்லை.

கூலிம் வழியாகப் பஸ் மாறிச் செர்டாங் போய் இறங்கியவர், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பாயின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். பாய் ஏற்கெனவே அவர் பறவைகளைக் கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக வைத்து, கேட்பவர்களுக்கு விற்றுக்கொடுத்துவந்தார். நல்ல மனிதர், ஓயாமல் பேசுவார். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தி ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாராம்.

"இத விக்க வேணாம் பாய். சும்மா நிக்கட்டும்" என்றார் அக்கா.

"நிக்கட்டும்மா. எங்க கடையில எலி இல்லன்னு சாட்சி சொல்லும்" என்றார் பாய்.

பாய் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனபோது அந்த ஆந்தையும் எங்கோ போய்விட்டது. இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியாது.

அதற்குப் பிறகு அக்கா அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சுங்கை பட்டாணிக்கு வந்தால் என் வீட்டில் தங்குவார். அண்ணன் அங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவார். இருவரும் மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுவார்கள். அண்ணி நலமா என்று அக்கா கேட்டதில்லை. அண்ணன் புறப்படும்போது "சாப்புட்டுப் போங்கண்ணே, அங்க என்னா கெடைக்கப்போவுது" என்று மட்டும் சொல்வார்.

பேச்சு பரவியது. யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஆரத்தித் தட்டை அவர் கையில் கொடுக்காமல் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார்கள். ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகையோடு ஒரு தொலைபேசி அழைப்பும் வந்தது. "பரிசெல்லாம் ஒன்னும் வேணாங்க்கா, நீங்க வந்தாலே போதும்." என்ன பரிசுக்குப் பயப்படுகிறார்கள் என்று அவருக்குப் புரியாதா? ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு போனார். என்னைக் கூப்பிட்டு, "தெறந்து காட்டச் சொல்லு தம்பி. உள்ள ஒரு பறவையும் இல்லன்னு தெரிஞ்சிக்கட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் செதுக்குவதை நிறுத்தவில்லை. ஆந்தை செய்வதையும் நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகச் செய்தார், பிடிவாதம். சீனர்களும் மலாய்க்காரர்களும் வாங்கிப் போனார்கள். ஆனால் உறவினர் யாருக்கும் தன் கையால் செய்த எதையும் அவர் அதன்பின் கொடுக்கவில்லை. மீன்கொத்தி கேட்டவர்களுக்கும் இல்லை, கிளி கேட்டவர்களுக்கும் இல்லை. கேட்டவர்களில் நானும் ஒருவன். "கடையில இருக்கு, போயி வாங்கிக்க" என்றார். எனக்கு அது உண்மையில் வலித்தது.

அத்தான் காலமானார். மகள் பினாங்கில் வேலைக்குப் போனாள். லயம் இடிபட்டது, அக்கா செர்டாங்கில் சிறிய வீடொன்றுக்குக் குடிவந்தார். அங்கும் பின்வாசலில் மரச்சீவல் குவிந்து கிடக்கும். கடைசிச் சில வருடங்களாக வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெந்தயம் சாப்பிட்டால் சரியாகும் என்று அவரே முடிவும் சொல்லிவிடுவார். சுங்கை பட்டாணி மருத்துவமனையில் சேர்த்தபோது கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, அடிக்கடி காட்ட வேண்டும், பக்கத்தில் எங்காவது தங்குங்கள் என்றார்கள். என் வீடு மாடியில், மின்தூக்கி இல்லாத அடுக்குமாடி. அவரால் படி ஏற முடியாது. மகள் வாடகைக்கு இருப்பது ஓர் அறையில். மிச்சமிருந்தது அண்ணன் வீடு.

நான் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை.

"உன் வீட்டுக்கே போலாம் தம்பி. மெதுவா ஏறிக்கிறேன்."

"ஏற முடியாதுக்கா."

"அப்பத் தூக்கிட்டுப் போ. படிக்க வெச்சேன்ல?"

வாசல் கதவு திறந்து அண்ணி வந்தார். முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வந்து காரின் கதவைத் திறந்தார். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

"எறங்கு" என்றார் அண்ணி.

"வேணாம் அண்ணி. நா உள்ள வந்து ஏதாச்சும் ஒன்னு ஆச்சின்னா, மறுபடியும் என் பேருதான் வரும்."

"சோறு ஆறுது. எறங்கு."

அக்கா இறங்கினார். அம்மா படுத்திருந்த அறையையே அண்ணி அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். இருவரும் அங்கே கூடிக் குலாவினார்கள் என்று நான் எழுதினால் அக்கா எழுந்து வந்துவிடுவார். கஞ்சியில் உப்பு இல்லை என்று ஒருவர், வாய்க்கொழுப்பு அடங்கவில்லை என்று ஒருவர். ஆனால் அண்ணி அவரைக் குளிப்பாட்டினார், தலை வாரினார், இரவில் அந்த அறையிலேயே பாய் விரித்துப் படுத்தார். அக்காவால் கத்தி பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் மாலை நான் போயிருந்தபோது அண்ணி அவருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகத் தன் சின்ன வயதுக் கதையைச் சொன்னார். அண்ணி பெண்டாங்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது வீட்டுக் கூரையில் ஆந்தை வந்து உட்கார்ந்து கத்தியது. அவருடைய அப்பா கல்லெடுத்து விரட்டினார். அந்த வாரமே வயலில் பாம்பு கடித்து அவர் இறந்துபோனார். ஆந்தையின் குரலும் அப்பா கல்லெடுத்து நின்ற கோலமும் மறக்கவே இல்லை என்றார். எங்கள் வீட்டுக்கு வாழ வந்த இத்தனை வருடத்தில் இதை அண்ணி யாரிடமும் சொன்னதில்லை, அண்ணனுக்கே தெரியாது.

அக்கா தலையணையில் முகத்தை அண்ணி பக்கம் திருப்பினார். பிறகு, "இத முன்னயே சொல்லியிருந்தா நா சேவல் செஞ்சி கொண்டாந்திருப்பேனே அண்ணி" என்றார்.

"நீ எங்க கேட்ட?" என்றார் அண்ணி.

மற்றக் காலைப் பிடிக்கத் தொடங்கினார்.

சில வாரங்களில் மருத்துவர்கள், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, அவரே புரிந்துகொண்டார். அன்று முதல் செர்டாங்குக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்போது அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பந்தல்காரரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கல்யாணம் தள்ளிப்போகும், ஊர் வாய் திறக்கும். என்னைத் தனியாக அழைத்து, "நா இங்க கண்ண மூடக் கூடாது தம்பி. அம்மாவுக்குச் சொன்னாங்க, அது என்மேல வந்துச்சி, போவட்டும். இது அந்த வீட்டுமேல வரும், வர்ற மருமகமேல வரும். என்னைய அங்க கொண்டு போயிடு" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

எனக்கு அவர் சொல்வது நியாயமாகப் பட்டது. படுக்கை வைத்த வேன் ஒன்றை ஏற்பாடு செய்தேன். அண்ணனும் தலையாட்டினார். மகள் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள். வேன் வந்து நின்றது. அண்ணி அடுப்படியிலிருந்து வந்து, பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க எல்லாரும்?"

"செர்டாங்குக்கு, அண்ணி" என்றார் அக்கா. "கல்யாண வீடு. நா போயிடறேன்."

அண்ணி அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "அங்க உனக்கு யாரு இருக்கா? செவுரா? செத்தா இங்கயே சாவு. எங்கயும் போக வேணாம்."

"ஊரு பேசும் அண்ணி."

"நா பேசாததா ஊரு பேசப்போவுது?"

அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். வேன்காரரை அண்ணியே வாசலுக்குப் போய்த் திருப்பி அனுப்பினார். பந்தல்காரருக்கும் அவரே தொலைபேசி போட்டு, கல்யாணம் இப்போதைக்கு இல்லை என்று சொன்னார். அக்கா இன்னும் உயிரோடு இருக்கும்போது அப்படிச் சொன்னது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்குத்தான் சிரிப்பு வந்தது.

சில நாட்கள் கழித்து ஒரு பிற்பகலில், மகள் பக்கத்தில் இருக்க, அண்ணி கொடுத்த கஞ்சியில் இரண்டு கரண்டி குடித்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு உறங்கினார். அந்த உறக்கத்திலேயே அக்கா காலமானார். அண்ணன் மகனின் கல்யாணம் பிறகு நல்லபடியாக நடந்தது.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. "கஞ்சியில உப்பு இல்லன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, அது டாக்டரு சொன்னதுன்னு போடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், கூலி வாங்காமல் திரும்பிப் போன வேன்காரருக்கும், அக்கம்பக்கத்து மலாய், சீனக் குடும்பங்களுக்கும், செர்டாங்கிலிருந்து வந்து சேர்ந்த பழைய தோட்டத்து மக்களுக்கும், பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஓடியாடிய இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனால் அவர் சொன்னதை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் சற்று உரக்கவே கேட்டது. "இந்த வீட்டுல இது ரெண்டாவது சாவு." ஒப்பாரி நின்றது. எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவர் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்.

"ஆமா. ரெண்டு பேரும் எங்க வீட்டு மனுசங்க. வேற எங்க போயிச் சாவாங்க?"